நாக்கில் வைத்துப் பார்த்த தண்ணீர்

விரலில் அரக்கும் நகத்தில் நீலமும் கடைசிவரை போகாத என் அப்பாவுக்கு,

நேற்றும் கனவில் வந்தீர்கள். நம் சாயப்பட்டறைக்குப் பின்னால் வாய்க்கால் மாம்பழ நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. நான் பாவாடையைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். "காலைக் கழுவிட்டு வாம்மா" என்றீர்கள். எந்தத் தண்ணீரில் என்று கேட்பதற்குள் விழித்துவிட்டேன்.

சட்டக் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே ஆராய்ச்சியும் செய்கிறேன் அப்பா. ஒருவர் தொழில் செய்து இன்னொருவர் கிணறு கெட்டால் சட்டம் யாரைக் கேட்கும் என்பதுதான் பொருள். தண்ணீரைக் காக்கப் புதுச் சட்டமே வந்திருக்கிறது. பெரிய காஞ்சிபுரத்தில் பட்டறை பட்டறையாக ஏறி இறங்கி எழுதினேன். நம்முடையதை மட்டும் விட்டுவிட்டேன். நீங்கள் போய் இரண்டு வருடம், பட்டறையும் பூட்டிக் கிடக்கிறதே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். படித்தவளுக்குச் சாக்குக்கா பஞ்சம்?

போன வாரம், வாய்க்கால் போய்ச் சேருமிடத்தில் பயிர் வைத்திருக்கும் வள்ளியம்மாவைப் பார்த்தேன். அவர் கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாத கசப்பு. நான் யார் மகள் என்றதும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்கப்பா ஒரு நாள் வந்தாரும்மா. இந்தத் தண்ணிய நாக்குல வச்சுப் பாத்தாரு. அப்படியே குந்திக்கினு இருந்தாரு. மறுநாள்லேந்து சைக்கிள்ல ரெண்டு குடம் நல்ல தண்ணி கட்டிக்கினு வருவாரு. தண்ணி வராதப்பதான் அவரு போயிட்டாருன்னு எனக்குத் தெரிஞ்சுது."

பட்டு மினுங்க எந்தக் கிணற்று நீர் தோது என்று நாக்காலேயே சொல்லிவிடுகிறவர் நீங்கள். அப்படியானால் உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் சாயத் தொட்டியை வாய்க்காலில் திறந்துவிட்டுக்கொண்டே இருந்திருக்கிறீர்கள். கோபமாக வருகிறது அப்பா. அந்த இரண்டு குடத்தை நினைத்தால் அழுகையும் வருகிறது. விடியற்காலையில் கோயிலுக்குப் போகிறீர்கள் என்றல்லவா நாங்கள் நினைத்திருந்தோம்?

"போனவரு பேரை எதுக்கும்மா இழுக்கறே?" என்கிறாள் அம்மா.

ஆனாலும் எழுதிவிட்டேன். என் ஆராய்ச்சிப் பட்டியலில் முதல் பட்டறை நம்முடையது. சாட்சி என்ற இடத்தில் வள்ளியம்மாவுக்கு மேலே உங்கள் பெயர் இருக்கிறது.

நாளைக் காலையிலிருந்து வள்ளியம்மா வீட்டுக்குக் குடம் நான் கொண்டுபோகிறேன். அந்தக் கிணற்று நீரை நானே குடிக்க முடிகிற நாள்வரை நிறுத்த மாட்டேன்.

உங்கள் சைக்கிளை ஓட்டத் தெரியாமல் தள்ளிக்கொண்டு போகப்போகிற மகள்,
வசந்தா