எடைமேடைக்குத் தனி முகவரி

செவ்வாய், 16

காலையிலேயே வெயில். மேஜையெல்லாம் கரித்தூசி. இன்றைய வேலை: கன்டெய்னர் லாரிகளை நிறுக்கும் எடைமேடையின் கம்ப்யூட்டரை வெளியிலிருந்து தொட வழி செய்வது. மேடையை விற்ற கம்பெனி இன்ஜினியர் கோவையில் உட்கார்ந்தே சரிபார்ப்பாராம்.

ரூட்டரில் வழிகள்:
– யார்டு மொத்தத்துக்கும் ஒரே வெளி முகவரி. இப்போது இருப்பது. வெளியாள் தானாக உள்ளே வர முடியாது.
– அதிலேயே ஒரு போர்ட், அதாவது ஒரு வாசல் மட்டும் எடைமேடைக்குத் திறப்பது. சரியான வழி.
– ஸ்டாடிக் நாட். எடைமேடைக்குத் தனி வெளி முகவரி. வெளியாளை மறிக்கும் தடுப்பு விதி எழுதாவிட்டால் மெஷின் முழுசாகத் தெருவில்.

எந்த போர்ட் என்று இன்ஜினியருக்கே தெரியவில்லை. லாரி வரிசை திருவொற்றியூர் ரோடு வரை. மேனேஜர் மூன்று தடவை எட்டிப் பார்த்தார். கடைசி வழியைப் போட்டுத் தொலைத்தேன். தடுப்பு விதி நாளைக்கு.

புதன், 17

நாள் முழுக்க கேட் கேமரா ரிப்பேர். செருப்பு அறுந்தது. ராயபுரத்தில் ரயிலை விட்டு இறங்கும்போதுதான் தடுப்பு விதி ஞாபகம். காலையில் முதல் வேலை அதுதான். அந்த மெஷினுக்கு மூன்று ஷிஃப்டுக்கும் ஒரே பாஸ்வேர்டு. மேடையில் பெயின்டில் எழுதியிருக்கும் நம்பர்தான்.

வியாழன், 18

எடைமேடை பஷீர் பாய் வந்து ரகசியமாகச் சொன்னார்: "நேத்து மத்தியானம் மவுஸ் தானா நவுந்துதும்மா. நீதான் இன்னாவோ பாத்துகினு கீறன்னு கம்முனு வுட்டேன்."

நான் இல்லை. இன்ஜினியரும் செவ்வாய்க்கு அப்புறம் தொடவில்லையாம். தனி முகவரியை நீக்கினேன். ரூட்டர் பதிவில் தெரியாத முகவரிகள், பக்கம் பக்கமாக. ஒன்று மட்டும் நேற்று ஒரு மணி நேரம் உள்ளேயே இருந்திருக்கிறது.

பதினொரு மணி. ஒரு டிரைவர் சீட்டை நீட்டினார். "யக்கா, இருபத்தொரு டன்னு போட்டுகீது. வண்டி இழுக்கவே மாட்டேங்குது." பக்கத்து யார்டு மேடையில் ஏற்றினோம். இருபத்தைந்து. செட்டிங்கில் யாரோ கை வைத்திருக்கிறார்கள். திருத்திவைத்தேன்.

நேற்று மதியத்திலிருந்து போன பெட்டிகளைப் பாய் எண்ணினார். பதினான்கு. எல்லாம் துறைமுகத்தில். தப்பான எடையோடு கிரேன் தூக்கும். அடியில் ஆட்கள் நிற்பார்கள்.

மேனேஜரிடம் சொன்னேன். கதவைச் சாத்தினார். "செட்டிங்கை சரி பண்ணியாச்சு, அவ்வளவுதான். பதிவ அழிச்சிடு. ரூட்டர்ல மாத்தினது உன் பேர்லதான் இருக்கு."

பயம். வேலை போகும். போலீஸ் வருமா? தப்பு என்னுடையதுதான். அழிக்கும் பட்டன் வரை போனேன். விரல் அங்கேயே நின்றது. பாய் டீ வாங்கி வைத்தார், குடிக்க முடியவில்லை.

பன்னிரண்டு மணி. துறைமுகத்துக்குப் போன் போட்டேன். பதினான்கு பெட்டி நம்பரும் வாசித்தேன், கப்பலில் ஏற்றாதீர்கள் என்று. இரண்டு ஏற்கெனவே ஏறிவிட்டதாம். இறக்கச் சொல்கிறேன் என்றார் போனை எடுத்தவர். யார் பேசுவது என்று கேட்டார்.

பெயரைச் சொன்னேன். எழுத்து எழுத்தாகச் சொல்லச் சொன்னார். சொன்னேன்.