அலம்பிய பன்னிரண்டு போத்தல்கள்

மயிலிட்டி,
ஐப்பசி 3.

அன்பு மகள் தாரிகாவுக்கு,

இங்கு நானும் அம்மாவும் சுகம். அங்கே நோர்வேக் குளிரில் நீ காதை மூடிக்கொண்டு சுகமாக இருக்க வயிரவரை வேண்டுகிறேன். போனில் சொல்லலாம்தான், ஆனால் அம்மா பக்கத்தில் நின்று என் கதையைத் திருத்துவா. எட்டாம் வகுப்போடு நின்றவனுக்குக் கடிதத்தில்தான் வாய் நீளும்.

கம்பஸிலிருந்து தனுஷா என்றொரு பிள்ளை, கடல்நீர் ஆராய்ச்சி செய்பவள், போன கிழமை துறைமுகத்துக்கு வந்து எங்கள் வள்ளத்தில் தன்னை ஏற்றிப்போகக் கேட்டாள். பெண் கால்பட்டால் மீன் படாது என்பது இந்தக் கரையின் பழக்கம், உனக்குத் தெரியும். நானும் பெரிய மனிதன் போல மறுத்துவிட்டு, அவள் முகம் வாடியதைப் பார்த்து, தண்ணீரை நானே அள்ளி வருகிறேன் என்றேன். பன்னிரண்டு போத்தல் தந்து, "அப்பிடியே நிரப்புங்கோ ஐயா" என்று சொன்னாள். ஒவ்வொன்றின் அடியிலும் இரண்டு சொட்டு ஏதோ கிடந்தது. நான் துப்புரவு பார்ப்பவன் அல்லவா, ஊத்தைத் தண்ணீர் என்று நினைத்து எல்லாவற்றையும் மூன்று தரம் அலம்பிப் பளிச்சென்று நிரப்பிக் கொண்டுவந்தேன். அது தண்ணீர் பழுதாகாமல் இருக்க அவள் விட்டிருந்த மருந்தாம்.

ஏசியிருந்தால் மனம் ஆறியிருக்கும். அவளோ தன் கொப்பியில் பன்னிரண்டு இடத்திலும் கோடு கீறினாள். வாடைக்காற்று தொடங்கினால் தை மாதம் வரைக்கும் கடலில் அள்ள முடியாது, அறிக்கையோ மார்கழியில் கொடுக்க வேண்டுமாம். அம்மா தேத்தண்ணி கொடுத்து வேலையைப் பற்றி விசாரித்தா. ஆராய்ச்சி என்றால் கண்ணாடி போட்டுக்கொண்டு யோசிப்பது என்றிருந்தேன். அந்தப் பிள்ளை பாதி நாள் போத்தல் கழுவுகிறாளாம், கரண்ட் போனால் தண்ணீர் வைத்த பிரிட்ஜுக்குப் பக்கத்தில் காவல் நிற்கிறாளாம். கூடப் படித்த பெடியள் வள்ளமேறி அள்ளி வர, இவள் கரையில் நின்று வாங்கவேண்டும். "எந்த இடத்திலை அள்ளினவை எண்டு ஆருக்கு அம்மா தெரியும், பிழை வந்தால் என்ரை பேர்தான் கெடும்" என்றாள். அம்மா என் பக்கம் திரும்பி, "இஞ்சாருங்கோ, மகள் கப்பலேறி ஆராய்ச்சிக்குப் போறாள் எண்டு ஊரெல்லாம் படம் காட்டினியளே, அங்கை மீன் படுகிறேல்லையாமோ?" என்று கேட்டா. எனக்குக் கோபம்தான் வந்தது, அதுவும் என்மேல்.

மீனவர் சங்கத் தலைவர் தம்பிஐயா அண்ணையிடம் போய், அந்தப் பிள்ளையை வள்ளத்தில் ஏற்றலாமோ என்று கேட்டேன். "உவளை ஏத்தினால் உன்ரை வலையோடை எங்கடை வலையும் வெறுமையாய் வரும்" என்றார். "போன மாதம் முழுக்க வெறுமையாய்த்தானே அண்ணை வந்தது, அப்ப ஆர் ஏறினது?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன். இப்போது அவர் என்னோடு கதைப்பதில்லை.

வெள்ளிக்கிழமை விடிய ஐந்து மணிக்குத் தனுஷாவை வரச் சொல்லியிருக்கிறேன். அதற்குப் பிறகு மீன் படாவிட்டால் குற்றம் என் தலையில்தான். அதுகூடப் பெரிதில்லை பிள்ளை. இடம்பெயர்ந்து பருத்தித்துறையில் இருந்தபோது, ஏழு வயதில், நானும் வருவேன் என்று வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதாய். விரல் விரலாகக் கழற்றி உன்னை இறக்கிவிட்டவன் நான். கடலில் போக நீ அவ்வளவு தூரம் போகவேண்டி வந்துவிட்டது.

நீயும் அங்கே போத்தல்தான் கழுவுகிறாயா? "வேலை நல்லம் அப்பா" என்று முடிக்காமல் விபரமாக எழுது. தலைக்கு எண்ணெய் வை, நேரத்துக்குச் சாப்பிடு. வயிரவர் உன் கூடவே நிற்பார். லீவில் வரும்போது பெரிய சப்பாத்தெல்லாம் கொண்டுவராதே, எங்கள் வள்ளத்தில் வெறுங்காலோடுதான் ஏறவேண்டும்.

இப்படிக்கு,
போத்தல் அலம்பிய உன் அப்பா,
சீவரத்தினம்.