கிட்ஸ்காரனின் எடை

மே 24, 2015. ஞாயிறு

பக்கத்துத் தீவின் மாரிகோ துறைமுகத்தில் படகு ஏறி அரை மணி நேரம். அங்குயிலா வந்துவிட்டேன்.

பிப்ரவரியில் சாவதற்கு முன்னால் அப்பா சொன்னார்: "அங்குயிலாவுல உனக்கு ஒரு அண்ணன் இருக்கான்டா. ஆஷ்டன் கார்ட்டி. நான் பார்த்ததே இல்ல." 1967 மே முப்பதாம் தேதி இந்தத் தீவு மக்கள் செயின்ட் கிட்ஸ் போலீஸ்காரர்களை விமானத்தில் ஏற்றித் துரத்தினார்களே, துரத்தப்பட்ட அந்தப் போலீஸ்காரர்களில் அப்பாவும் ஒருவர். அவரோடு பழகிய இந்தத் தீவுப் பெண்ணுக்குப் பிள்ளை அதற்குப் பிறகு பிறந்திருக்கிறது. அவர் திரும்பியும் பார்க்கவில்லை.

எனக்கும் இப்போது யாருமில்லை. மனைவி போய்ச் சேர்ந்தாள், மகள் டொராண்டோவில். அண்ணன் என்ற சொல்லே புதிதாக இருக்கிறது.

விடுதிக்கார அம்மா வெர்னா என் செயின்ட் கிட்ஸ் பேச்சைக் கேட்டதும், "கிட்ஸா? போலீஸ் இல்லியே? இருந்தா இப்பவே ஏத்தி விட்டுர்றோம்" என்றாள். இத்தனை வருஷமாகியும் இந்தக் கிண்டல் ஆறவில்லை.

மே 25

அலைந்ததுதான் மிச்சம். ரொட்டிக்கடைக்காரர் சொன்னார்: "கல்லெறிஞ்சா ஒரு கார்ட்டி தலையிலதான் விழும். ஆனா ஆஷ்டன்னு யாரு?" இங்கே ஞானஸ்நானப் பெயர் கோயிலோடு சரி. அவரையே எல்லோரும் 'புகை' என்கிறார்கள். பட்டப்பெயர் இல்லாதவன் வெளியூர்க்காரன்.

மே 26

சேண்டி கிரவுண்ட் கடற்கரையில் பந்தயப் படகுகளைத் தயார் செய்கிறார்கள். சனிக்கிழமை தீவைச் சுற்றும் போட்டி. ஒரு படகின் தலைவன் 'நண்டு'. என் வயதுதான் இருக்கும். ஒல்லி, வெயிலில் காய்ந்த முகம். அவனிடமும் கேட்டேன். கயிற்றிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அப்படி ஒருத்தன் இங்க இல்ல. எதுக்குத் தேடுற?"

"எங்க அப்பா செத்துட்டார். அவனுக்கும் அப்பாதான். சொல்லணும்."

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தான். "செத்ததைச் சொல்லவா இவ்வளவு தூரம்? உசிரோட இருக்கறப்ப ஒரு வார்த்தை வரல."

மே 27

இன்று யாரோடும் பேசவில்லை. வெர்னாவும் வெளியே போயிருந்தாள். ஊருக்குப் போய்விடலாமா?

மே 28

நண்டு என்னை மேலும் கீழும் பார்த்தான். "நல்ல எடைதான். சனிக்கிழமை வா. படகுக்குப் பாரம் வேணும்."

எதிர்காற்றில் படகு சாயாமல் இருக்க மணல் மூட்டைகளோடு ஆட்களையும் ஏற்றுவார்கள். திரும்பும்போது பின்காற்று. பாரம் வேண்டாம். மூட்டைகளைக் கடலில் தள்ளுவார்கள், பிறகு ஆட்களும் குதிக்க வேண்டும். பின்னால் வரும் இயந்திரப் படகு பொறுக்கிக்கொள்ளும்.

மூட்டைக்குப் பதில் நான். இருந்தாலும் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. வா என்று ஒருவன் சொல்லி எத்தனை நாளாகிறது!

மே 29

வெர்னா சங்கு சூப்பு ஊற்றிக்கொண்டே சட்டென்று நின்றாள். "ஆஷ்டன்... அட கடவுளே, நம்ம நண்டு! அவன் கல்யாணத்தப்போ பாதிரியார் அந்தப் பேரைச் சொல்ல, யாருடா அதுன்னு எல்லாரும் திரும்பிப் பாத்தோம்."

சூப்பைத் தள்ளி வைத்தேன். என் முகத்துக்கு நேரே பொய் சொல்லியிருக்கிறான். சொல்லட்டும். ஆனால் என்னை ஏன் படகுக்குக் கூப்பிட்டான்? நாளை மே முப்பது. அப்பனைத் துரத்திய நாளில் மகனைக் கடலில் தள்ளுவதற்கா? ஊரே கரையில் நின்று சிரிக்கும்.

போகாதேடா என்கிறது மனசு. போகாம? வேற எங்க போவ?

மே 30

போனேன். படகில் ஏறிக்கொண்டேன். எதிர்காற்றில் படகின் விளிம்பில் தொங்கிக்கொண்டு உப்புத்தண்ணீர் குடித்தேன். தீவைச் சுற்றித் திரும்பும்போது நாங்கள்தான் முதல். பின்னால் ஒரு சிவப்புப் பாய்மரப் படகு நெருங்கியது. மூட்டைகள் போயின. இரண்டு பேர் கூச்சலிட்டுக் குதித்தார்கள்.

எங்கள் படகின் பாய்க்காரன் கத்தினான்: "நண்டு, கிட்ஸ்காரனைத் தள்ளு! இன்னிக்குத்தானே அதுக்கு நல்ல நாள்!"

எல்லோரும் சிரித்தார்கள். என்னை யாரும் தள்ள வேண்டாம், நானே போகிறேன் என்று எழுந்தேன்.

"உக்காரு," என்றான் நண்டு. சுக்கானிலிருந்து கையை எடுக்கவில்லை.

"நீதான் ஆஷ்டன்னு எனக்கு—"

"தெரிஞ்சுதானே வந்த? உக்காருன்னேன்ல."

உட்கார்ந்தேன். சிவப்புப் பாய் எங்களை உரசிக்கொண்டு தாண்டிப் போனது. தோற்றோம். கரையில் எங்கள் பாய்க்காரன் கோபத்தில் குதித்தான்: "இந்த மூட்டையை வெச்சுக்கிட்டு என்னத்தடா சாதிச்ச?"

"என் படகு, என் பாரம். உனக்கென்ன?" என்றுவிட்டு நண்டு நடந்து போனான். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மே 31. ஞாயிறு

பெட்டியைக் கட்டி வைத்துவிட்டேன். மதியப் படகு.

காலையில் ரொட்டி வாங்கப் போனபோது புகை, "வா பாரம், தோக்கடிச்சவனே! காசெல்லாம் உங்க படகு மேல கட்டியிருந்தேன்யா" என்றார். கடையே சிரித்தது. என்னைத்தான் கூப்பிட்டார் என்று புரியக் கொஞ்ச நேரமாயிற்று.

இதை எழுதும்போது வேலிக்கு அப்பாலிருந்து குரல்: "பாரம்! ஏ பாரம்! அம்மா சோறாக்கி வெச்சிருக்கு. அந்த ஆளு எப்படிச் செத்தான்னு அதுகிட்ட நீயே சொல்லு. அழுதான்னு மட்டும் பொய் சொல்லாத."

படகுச் சீட்டை மாற்ற வேண்டும். மீதியைப் பிறகு எழுதுகிறேன். அண்ணன் வெயிலில் நிற்கிறான்.