குடை, நாற்காலி, சிவப்பு, ஆறு, மணி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் இங்கே சௌக்கியம். எந்த அளவுக்கும் ஒரு பிழை வரம்பு உண்டு, இந்தச் சௌக்கியத்துக்கும் உண்டு, அது எவ்வளவு என்பதைக் கீழே எழுதுகிறேன், அதற்காக இப்போதே கடைசிப் பக்கத்துக்குத் தாவாதே. உன் சௌக்கியத்தையும் உன் எரிமலையின் சௌக்கியத்தையும் விவரமாக எழுது. போன வாரம் போனில் அது மறுபடி முனகுகிறது என்றாய், புகையில் கந்தகம் கூடியிருக்கிறது என்றாய். முனகுவது மலையின் சுபாவம், அதை நீ பக்கத்தில் போய்க் காதைக் கொடுத்துக் கேட்க வேண்டியதில்லை, கேட்பதற்குத்தான் அத்தனை கருவி புதைத்து வைத்திருக்கிறீர்கள். போய்த்தான் ஆக வேண்டும் என்றால் முகமூடியை முகத்தில் மாட்டிக்கொண்டு போ. நீ அனுப்பிய படத்தில் அது கழுத்தில் மாலை மாதிரி தொங்குகிறது. அம்மா அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, பின்னால் புகைந்துகொண்டிருக்கும் மலையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல், நீ இளைத்துவிட்டதாக முடிவு சொன்னாள்.

வீட்டுச் செய்தி ஒன்று. நம் கட்டட லிஃப்ட் கொஞ்ச நாளாக மூன்றாவது மாடியைத் தாண்டும்போது ஒரு குலுக்குக் குலுக்கியது. குடியிருப்போர் சங்கத் தலைவர், கயிறு பழசாகிவிட்டது, புது லிஃப்டே போட்டுவிடலாம் என்று கூட்டம் கூட்டினார். நான் ஒரு டம்ளரில் விளிம்பு வரை தண்ணீர் எடுத்துப் போய் லிஃப்டின் தரையில் வைத்துவிட்டு மேலும் கீழுமாகப் போய்வந்தேன். ஏறும்போதும் இறங்கும்போதும் அதே இடத்தில்தான் தண்ணீர் சிந்தியது. கோளாறு கயிற்றில் இருந்தால் இப்படி ஒரே இடத்தில் சிந்தாது, இது சுவரோடு போகும் தண்டவாளத்தின் வேலை என்று சொன்னேன். லிஃப்ட் மெக்கானிக் வந்து அங்கே தளர்ந்திருந்த ஒரு போல்ட்டை முடுக்கிவிட்டுப் போனார், குலுக்கல் நின்றுவிட்டது. தலைவர் எனக்கு நன்றி சொல்லவில்லை. லிஃப்டுக்குள் தண்ணீர் சிந்தக் கூடாது என்று ஒரு அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்.

இனி பிழை வரம்புக்கு வருகிறேன். ரிட்டயர் ஆன பிறகும் பழைய ஆபீசுக்கு மாதம் ஒருமுறை ஆலோசனை சொல்லப் போய்க்கொண்டிருந்தேன் அல்லவா. ஆலோசனை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, ஏதாவது ஒரு பாலத்தின் அதிர்வு வரைபடத்தைக் காட்டுவார்கள், நான் ம்ம் என்பேன், டீ வரும். போன வருஷம் ஒருநாள் ஒரு வரைபடத்தைப் பார்த்துவிட்டு இது எந்தப் பாலம் என்று கேட்டிருக்கிறேன், என் ஜூனியர் சொல்லியிருக்கிறான். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டிருக்கிறேன், மறுபடி சொல்லியிருக்கிறான். டீ குடித்துவிட்டு இன்னொரு தடவை கேட்டிருக்கிறேன், அப்போதும் மரியாதையாகவே சொல்லியிருக்கிறான். அது நான் கட்டிய பாலம் பாப்பா. மணல் லாரிகளை வரிசையாக நிறுத்திப் பாரம் தாங்குகிறதா என்று சோதித்த அன்று உன்னைத் தோளில் உட்கார வைத்துக் காட்டினேனே, நீகூடப் பாலம் உடைந்தால் லாரிக்காரர் நீந்துவாரா என்று கேட்டாயே, அதே பாலம். ஜூனியர் அன்று சாயங்காலமே அம்மாவுக்குப் போன் செய்து, "சாருக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையா மேடம்" என்று கேட்டிருக்கிறான். அவன் மேல் எனக்கு வருத்தமில்லை. அளவு மாறினால் மூடி மறைக்கக் கூடாது என்று ஆபீசில் தொண்டை கிழியக் கத்தியவன் நான்தான்.

அம்மா என்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். அங்கே ஞாபக மறதிக்கு ஒரு புது மாத்திரையை வைத்து ஆராய்ச்சி நடக்கிறது, என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு வெறும் மாவு மாத்திரை, யாருக்கு எது என்று கொடுக்கிற டாக்டருக்கே தெரியாது. ஒழுங்கான சோதனை, எனக்குப் பிடித்திருந்தது. உனக்கு இதுவரை நாங்கள் சொன்னது வயதானவர்களுக்கான பொதுப் பரிசோதனை என்று, அது அம்மாவின் வாசகம், நான் மறுத்துப் பேசவில்லை.

அங்கே இருக்கிற டாக்டரம்மாவுக்கு உன் வயதுதான் இருக்கும். ஜன்னல் இல்லாத சின்ன அறை, ஒரு மேஜை, மூன்று நாற்காலி, சத்தம் போடாத கடிகாரம். கூட வருகிறவர்களுக்குச் சுவரோரமாக ஒரு நாற்காலி. முதல் தடவை டாக்டரம்மா ஐந்து வார்த்தைகளைச் சொன்னாள். குடை, நாற்காலி, சிவப்பு, ஆறு, மணி. பிறகு கணக்கு கேட்டாள், கடிகாரம் வரையச் சொன்னாள், கடைசியில் அந்த ஐந்து வார்த்தைகள் என்ன என்றாள். எனக்கு இரண்டுதான் வந்தது, அதிலும் ஒன்று நான் உட்கார்ந்திருந்த நாற்காலி. சுவரோரத்தில் உன் அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

உன் அம்மாவைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் பிசிக்ஸ் எடுத்தவள், கடைசி பெஞ்சில் தூங்குகிற பிள்ளையைக்கூடக் கரையேற்றாமல் விட்டதில்லை. மறுநாள் காலையில் பல் விளக்கிக்கொண்டு வருகிறேன், காபியைக் கையில் வைத்துக்கொண்டு, "எங்க, அஞ்சையும் சொல்லுங்க பாப்போம்" என்கிறாள். சொன்ன பிறகுதான் காபி. எனக்கு மனதில் நிற்கவில்லை என்றதும் ஒரு வாக்கியமாகவே கட்டிக் கொடுத்தாள், குடையோடு நாற்காலியில் உட்கார்ந்து சிவப்பு ஆற்றைப் பார்த்தால் மணி அடிக்கும் என்று. இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். "மார்க் வாங்கறதுக்கு அர்த்தம் எதுக்கு" என்றாள். உனக்கு ஒளியியல் சூத்திரங்கள் எப்படி மனப்பாடம் ஆயின என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

அடுத்த தடவை போனபோது அங்கே அதே ஐந்து வார்த்தைகள். நான் கடகடவென்று ஒப்பித்தேன். டாக்டரம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது, உங்களுக்கு நல்ல முன்னேற்றம் சார் என்றாள். அம்மா வழியெல்லாம் பரிசு வாங்கிய பிள்ளையின் தாய் மாதிரி பஸ்ஸில் உட்கார்ந்து வந்தாள், எனக்கும் கைவந்துவிட்டதோ என்றுகூட ஒரு நினைப்பு. மூன்றாம் தடவை இந்த மாதம் போனோம். வார்த்தைகளை மாற்றியிருக்கிறார்கள். கத்தரிக்கோல், மழை என்று என்னவோ ஆரம்பித்தாள், மீதி அம்மா பிறகு சொல்லித்தான் தெரியும். கடைசியில் அவள் கேட்டபோது நான் கொஞ்சமும் தயங்காமல், குடையோடு நாற்காலியில் உட்கார்ந்து சிவப்பு ஆற்றைப் பார்த்தால் மணி அடிக்கும் என்று முழு வாக்கியத்தையும் சொன்னேன். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். இதை யார் சார் சொல்லிக்கொடுத்தது என்றாள். உன் அம்மா சுவரோரத்திலிருந்து கையைத் தூக்கினாள்.

டாக்டரம்மா கோபப்படவில்லை. "அம்மா, இது பாஸ் பண்ற பரீட்சை இல்லம்மா. சார் எங்க தப்பு விடறார்னு தெரிஞ்சாத்தான் மாத்திரை வேலை செய்யுதான்னு எங்களுக்குத் தெரியும்" என்று பொறுமையாகச் சொன்னாள். அதற்கு அம்மா சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன். "என் கண்ணு முன்னாடி இவர் ஃபெயில் ஆகறத எப்படிம்மா நான் பாத்துட்டு உக்காந்திருப்பேன்" என்றாள். என் பழைய அளவுகளை இனி கணக்கில் எடுக்க முடியாது, என்னை வைத்துக்கொள்வதா நீக்குவதா என்று ஆராய்ச்சித் தலைவரைக் கேட்டுச் சொல்கிறோம் என்று அனுப்பிவிட்டார்கள்.

அன்று பஸ்ஸில் அம்மா ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள். நான் யோசித்துக்கொண்டே வந்தேன். ஒரு பாலம் எவ்வளவு தொய்கிறது என்று அளக்கப் போகிறோம், அந்தப் பாலத்தின் மேல் பாசம் வைத்த யாரோ அடியில் ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறார்கள். கருவியில் எல்லாம் நன்றாகத் தெரியும், வண்டிகளும் போய்க்கொண்டேயிருக்கும். அப்புறம் வீட்டில் பார்த்தால் எங்கே பார்த்தாலும் முட்டுத்தான். நீ போன் செய்யும்போது அம்மா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் நிற்பாள், உன் மேலதிகாரியைப் பற்றிப் பேச்சு வந்தால் அவர் யார் என்று எனக்கு வாயசைத்துக் காட்டுவாள். போன வருஷத்திலிருந்து உனக்கு நான் எழுதிய கடிதம் ஒவ்வொன்றையும் அவள் சிவப்புப் பேனாவால் திருத்தி, நான் நல்ல தாளில் பார்த்து எழுதித்தான் தபாலில் போட்டோம். அப்பாவின் கடிதம் முன்னைவிடத் தெளிவாக இருக்கிறதே என்று நீ எழுதியிருந்தாய். அந்தத் தெளிவு அம்மாவுடையது.

ஆஸ்பத்திரியிலிருந்து நேற்று முன்தினம் போன் வந்தது. வைத்துக்கொள்கிறார்களாம், எல்லாவற்றையும் முதலிலிருந்து அளப்பார்களாம், ஆனால் ஒரு நிபந்தனை. என்னை வெகுகாலமாகத் தெரிந்த, என்னோடு இந்த வீட்டில் இல்லாத ஒருவர், வாரம் ஒருமுறை என்னோடு பேசிவிட்டு அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். நான் உன்னைச் சொல்லியிருக்கிறேன். உன்னைக் கேட்காமல் சொன்னது தப்புதான், ஆனால் எனக்குத் தெரிந்து இதையே தொழிலாக வைத்திருப்பவள் நீ ஒருத்திதான். ஒருநாள் அதிர்வை வைத்து எதுவும் சொல்ல முடியாது, அந்த மலையின் வழக்கம் என்ன என்று தெரிந்திருக்க வேண்டும் என்று நீதானே சொல்வாய். என் வழக்கம் உனக்குப் பிறந்ததிலிருந்து தெரியும்.

போன வருஷம் நீங்கள் மஞ்சள் எச்சரிக்கை கொடுத்து, மலை ஒன்றும் செய்யாமல் படுத்துக்கொண்டபோது, கீழே இருக்கிற ஊர்க்காரர்கள் உன்னைக் கிழி கிழி என்று கிழித்தார்களே, அன்று எனக்குப் போன் செய்து அழுதாய். அளந்ததைச் சொன்னாய், அதற்கு மேல் உன் பொறுப்பில்லை என்று சொன்னேன். எனக்கும் அதையே செய். போனில் நான் ஒன்றையே இரண்டு தடவை சொன்னால் இரண்டு தடவை என்று எழுதிக்கொள், பாவம் அப்பா என்று ஒன்றாக்காதே. மஞ்சள் என்றால் மஞ்சள் என்று என்னிடம் சொல்லிவிடு. ஆரஞ்சு என்று நீ சொல்லும் நாளில் நான் தனியாக வெளியே போவதையும் அடுப்புப் பக்கம் போவதையும் நிறுத்திக்கொள்கிறேன், வாதாட மாட்டேன். இப்போது மலையை விட்டுவிட்டு ஓடி வராதே. அடிவாரத்தில் அத்தனை குடும்பம் இருக்கிறது, இங்கே நான் ஒருத்தன்தான், அதுவும் மெதுவாகப் போகிற கேஸ் என்று டாக்டரம்மா சொல்கிறாள். மெதுவாகத்தான், ஆனால் ஒரே திசையில். எனக்குப் பயமாக இருக்கிறது பாப்பா. இதை அம்மாவிடம் வாய்விட்டுச் சொல்லவில்லை, சொன்னால் அதற்கும் ஒரு வாக்கியம் கட்டிக் கொடுப்பாள்.

இந்தக் கடிதத்தைத் திருத்தக் கூடாது என்று அவளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருக்கிறாள், ஒரே துண்டை மடிக்கிறாள், பிரிக்கிறாள், மறுபடி மடிக்கிறாள். நான் முடித்ததும் படித்துப் பார்த்துவிட்டு அவளே உறை ஒட்டுவாள், ஆனால் பேனா படாது. என் பழைய கடிதங்களை நீ வைத்திருப்பாய், அம்மா கை படாத காலத்துக் கடிதங்களை எடுத்து இதோடு ஒப்பிட்டுப் பார். அதுதான் உன் முதல் அளவு.

வேளைக்குச் சாப்பிடு. ஈரமான காலுறையை ஹீட்டர் மேல் காயப்போட்டுவிட்டுத் தூங்காதே. வடக்குப் பக்கத்துக் கருவிக்கு பேட்டரி மாற்ற வேண்டும் என்றாயே, துணையில்லாமல் போகாதே. நீயும் உன் மலையும் அமைதியாக இருக்க வேண்டும், நூறு வயது நல்லபடியாக இருக்க வேண்டும் என்று மனதார வாழ்த்துகிறேன். ஞாயிற்றுக்கிழமை போன் செய், ஸ்பீக்கர் போட மாட்டோம்.

எப்போதும் உன்னை நினைத்துக்கொண்டிருக்கும்,
அப்பா.

பி.கு. முக்கியமான வீட்டுச் செய்தியை எழுத விட்டுவிட்டேன். நம் கட்டட லிஃப்ட் கொஞ்ச நாளாக ஐந்தாவது மாடியைத் தாண்டும்போது ஒரு குலுக்குக் குலுக்கியது. நான் ஒரு டம்ளரில் விளிம்பு வரை தண்ணீர் எடுத்துப் போய் லிஃப்டுக்குள் வைத்துப் பார்த்தேன். ஒரே இடத்தில்தான் சிந்தியது. தண்டவாளத்தில் ஒரு போல்ட் தளர்ந்திருந்தது. சங்கத் தலைவர் என்ன செய்தார் என்று கேட்டால் நீ சிரிப்பாய், அதைப் போனில் சொல்கிறேன்.

பாப்பா, படித்தேன். லிஃப்ட் விஷயம் இரண்டு தடவை வந்திருக்கிறது, மாடியும் மாறியிருக்கிறது. அவரிடம் சொல்லவில்லை. திருத்தவும் இல்லை. இனி நீ பார்த்துக்கொள்.
அம்மா.