கறுப்புத்தான் மச்சான், மீசையும் போச்சு

என்ர பிடிவாதக்கார மச்சானுக்கு,

அங்கே வெயில் எப்படி? இங்கே கொளுத்துகிறது. உனக்குப் பிடித்த செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன்: நீ சொன்னதுதான் சரி. கறுப்புத்தான். சிரி, நன்றாகச் சிரி.

டொக்டர் அம்மாவின் பழைய காரைக் கழற்றிப் புதுப்பித்தபோது, அதன் ஏசி கொம்பிரசருக்கு நான் கப்பல் சாம்பல் நிறத்தை அடித்துவிட்டேன். துறைமுகத்தில் கழித்த பெயின்ற் கைக்கு வந்தால் எங்கள் ஊரில் கேற்றுக்கும் கதிரைக்கும் கிணற்றுக்கப்பிக்கும் அதே நிறம்தானே! நீ பட்டறையில் குதித்தாய்.

"எடேய், இது காரடா, கப்பலில்லை. இதின்ர பிறந்த நிறம் கறுப்பு. அதுவும் மினுங்காத கறுப்பு."

"இல்லையெண்டால்?"

"என்ர மீசையை வழிக்கிறன். ஓமெண்டால் நீ வழி."

அதற்குப் பிறகு நாலு நாள் நாங்கள் கதைக்கவில்லை. ஐந்தாம் நாள் உன் நெஞ்சு நின்றுவிட்டது. ஒரு நிறத்துக்காகவா மச்சான்? அந்த நாலு நாளை நினைத்தால் என்னை நானே செருப்பால் அடிக்கத் தோன்றுகிறது.

உன் முப்பத்தொன்றாம் நாள் காரியம் முடிந்த பிறகுதான் பட்டறையைத் திறந்தேன். டொக்டர் அம்மாவின் மகளுக்கு உப்புவெளியில் கல்யாணம்; பொம்பிளை அந்தக் காரில்தான் கோயிலுக்குப் போகவேண்டும். கொம்பிரசரைப் பிடித்திருந்த இரும்புத் தாங்கியைக் கழற்றினேன். என் பெயின்ற் பிறசும் உப்புக்காற்றும் போகாத இடம் அது. பிசுக்கை மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தால், உள்ளங்கையளவு பழைய நிறம். மினுங்காத கறுப்பு. அங்கேயே குந்தியிருந்து அழுதேன்.

சாம்பலைச் சுரண்டிவிட்டுக் கறுப்பு அடித்தேன். அது அளவுக்கு மிஞ்சி மினுங்கியது. நைஸ் சாண்ட் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து உரஞ்சி உரஞ்சி மினுக்கத்தை எடுத்தேன். கடைசியில் பழையது எது, புதியது எது என்று எனக்கே தெரியவில்லை. பிறகு சவரக்கத்தியை எடுத்தேன்.

உன் தங்கச்சி பார்த்தாளே ஒரு பார்வை!

"உங்களுக்கென்ன விசரே? கொள்ளி வைக்கிற பிள்ளைதான் மீசை வழிக்கிறது. மச்சானுக்கு வழிக்கிற வழக்கம் எந்த ஊரில இருக்கு?"

"உன்ர அண்ணரோட பந்தயமடி. தோத்துப்போனன்."

குசினிக்குள் போனாள். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

பந்தயம் கட்டும்போது மடையர்கள் நம் இருவருக்குமே ஒன்று உறைக்கவில்லை. என் அடையாள அட்டையில் மீசை இருக்கிறது! கல்யாணத்துக்கு முதல்நாள், உப்புவெளியில் நின்ற காரில் பூட்டுவதற்காகக் கொம்பிரசரைச் சாக்கில் சுற்றிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனேன். வழியில் ஆமியின் சென்றிக் காவலில் மறித்தார்கள். ஆமிக்காரன் சாக்கைப் பார்த்தான், அட்டையைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான்.

"மீசை எங்க?"

என்னை உள்ளே வைத்தால் கொம்பிரசரும் போச்சு, கல்யாணக் காரும் போச்சு. நான் திரும்பி வருவேனோ, அதுவும் தெரியாது. அரைகுறைச் சிங்களத்தில் பந்தயக் கதையைச் சொன்னேன். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த மச்சானைக் கூட்டிக்கொண்டு வா, அவர் சொல்லட்டும் என்றான்.

"ஏலாது ஐயா. ஆள் செத்துப்போனார்."

சிரிப்பு நின்றது. சாக்கை அவிழ்த்து, அந்தக் கறுப்பை விரலால் மெல்லத் தடவினான். நல்ல வேலை என்று சொல்லி அட்டையைத் தந்தான்.

கார் குளிர்ந்தது மச்சான்! பொம்பிளையின் பூ வாடவில்லை. மாப்பிள்ளைதான் வியர்த்து வழிந்தார். டொக்டர் அம்மா பொனற்றைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்.

"வாங்கின நாளில இருந்த மாதிரியே இருக்கு. ஆர் இந்த நிறத்தைக் கண்டுபிடிச்சது?"

"மச்சான்," என்றேன்.

மீசையை வளர்த்துத் தொலையுங்கோ என்கிறாள் உன் தங்கச்சி. மாட்டேன். மீசையில்லாமல் படம் எடுத்துப் புது அட்டைக்குக் கொடுத்துவிட்டேன். அது வந்துவிட்டால் ஒருவரும் கேட்கமாட்டார்கள், அதுதான் எனக்குக் கவலை. அதுவரைக்கும் எந்தச் சென்றியில் கேட்டாலும் சொல்லுவேன்: என்ர மச்சான் சொன்னதுதான் சரி. இது வாக்கு.

உன் தங்கச்சியின் புருசன்,
தோற்றுப்போன உன் மச்சான்,
செல்வம்