மஞ்சள் விளக்கு எரியும் கார்

ஜூன் 9, திங்கள்

காலையிலேயே வெயில். இலை அசையவில்லை.

காரை ஸ்டார்ட் செய்தேன். மீட்டரில் மற்ற விளக்கெல்லாம் அணைந்தது. ஒன்று மட்டும் அணையவில்லை. மஞ்சள். என்ஜின் படம் போட்டது. ஓட்டத்தில் ஒரு குறையும் இல்லை.

தங்கை மலருக்குச் செக்கப். ஒன்பதாம் மாதம். அம்மா இல்லை, அவள் வீட்டுக்காரர் துபாயில். பிரசவம் என் பொறுப்பு. ஆஸ்பத்திரி புதுக்கோட்டையில், பொன்னமராவதியிலிருந்து ஒரு மணி நேரம் பிடிக்கும். போகும்போதும் எரிந்தது, வரும்போதும் எரிந்தது.

டாக்டரம்மா: "இனி எப்ப வேணாலும் வலி வரலாம். வண்டிய ரெடியா வச்சுக்கங்க."

வண்டி ரெடியா? அதுதானே தெரியவில்லை.

மலர் நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து விளக்கின் மேல் ஒட்டினாள். "கண்ணுல படாட்டி கவலை இல்லக்கா." பொட்டைச் சுற்றி மஞ்சள் கசிந்தது.

ஜூன் 10, செவ்வாய்

சேகர் ஒர்க்‌ஷாப். ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சாக்கெட் இருப்பதே இன்றுதான் தெரியும். சேகர் அதில் ஒரு கருவியைச் செருகி ஏதோ அழுத்தினார். விளக்கு அணைந்தது.

"சென்சார் சும்மா காட்டியிருக்கும்க்கா. அழிச்சு விட்டுட்டேன்."

"என்ன காட்டுச்சு?"

"அதான் போயிருச்சுல்ல."

எதை அழித்தார் என்று அவரும் பார்க்கவில்லை. வீட்டில் இவரும் அதையே சொன்னார். "அணைஞ்சிருச்சுல்ல, விடு சித்ரா." இவருக்குப் பைக் மட்டும்தான் ஓட்டத் தெரியும். கார் நான்தான். இரவெல்லாம் உறுத்தல்.

வாங்க: டெட்டால், ரவை, என் கம்ப்யூட்டர் சென்டருக்குப் பிரின்டர் மை. குழந்தைத் துணிக்குப் பழைய வேட்டி கிழிக்க வேண்டும்.

ஜூன் 12, வியாழன்

மறுபடி எரிகிறது! கோபம் வரவில்லை, கொஞ்சம் சந்தோஷம்கூட. நான் நினைத்தது சரி.

கம்ப்யூட்டர் சென்டரில் கூட்டம் இல்லை. காரோடு வந்த புத்தகத்தை முதல்முறையாகப் பிரித்தேன். விளக்கு நிலையாக எரிந்தால் பதறாமல் ஓட்டிப்போய்க் காட்டலாம். விட்டு விட்டு எரிந்தால் உடனே நிறுத்த வேண்டும். ஒரே விளக்கு, இரண்டு பேச்சு. இது தெரியாமல் நாலு வருஷம் ஓட்டியிருக்கிறேன்.

மதியம் சேகரிடம். "அழிக்காதீங்க. என்னன்னு படிச்சுச் சொல்லுங்க." படித்தார். பெட்ரோல் ஆவி போகும் பாதையில் கோளாறாம். "அதுல ஒரு வால்வு இருக்குக்கா. ஆர்டர் போடுறேன், அடுத்த வாரம் வரும்."

அந்தப் பாதையைப் பற்றித் தேடிப் படித்தேன். டேங்கில் எழும் ஆவியைக் காற்றில் விடக்கூடாது என்பதற்காகக் கரி நிரப்பிய ஒரு டப்பா. ஆவி அதில் தங்கும். பிறகு என்ஜின் அதை உறிஞ்சிக்கொள்ளும். வெளிக்காற்று உள்ளே வர ஒரு குழாய். டேங்க் மூச்சு விடும் என்று யார் நினைத்தது?

சாயங்காலம் பங்க். மூடியைத் திறந்ததும் உஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தது. பெட்ரோல் போடப் போட, பைப் டக் டக்கென்று நின்றுகொண்டே இருந்தது.

பங்க் பெண்: "ஒங்க டேங்க் குடிக்க மாட்டேங்குதுக்கா."

இதற்கும் விளக்குக்கும் தொடர்பு உண்டா? சேகரிடம் கேட்க வேண்டும்.

ஜூன் 14, சனி

ஆஸ்பத்திரி வராந்தா. பிரின்ட் எடுத்துக் கெட்டுப்போன தாளின் பின்பக்கத்தில் எழுதுகிறேன்.

காலை இட்லி ஊற்றிக்கொண்டிருந்தேன். மலர் கதவைப் பிடித்தபடி நின்றாள். "அக்கா, இடுப்பு விட்டுப்போகுதுக்கா." உடனே கிளம்பினோம். அவள் பின் சீட்டில், இவர் என் பக்கத்தில்.

பாதி வழியில் வண்டி விக்கியது. ஆக்ஸிலேட்டரை மிதிக்கிறேன், இழுக்கவில்லை. விளக்கு நிலையாகத்தான் எரிந்தது. அப்புறம் மொத்தமாக நின்றுவிட்டது. ஓரங்கட்டினேன். இரண்டு தடவை சாவியைத் திருப்பினேன். ஊகூம். பின்னால் மலர் சீட்டுத் துணியைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"நான் அன்னைக்கே சொன்னேன்," என்றார் இவர். அன்றைக்கு 'விடு' என்றுதான் சொன்னார். ஆம்புலன்ஸுக்குப் போன் போட ஆரம்பித்தார்.

பெட்ரோல் இருக்கிறது. பேட்டரி இருக்கிறது. வேறென்ன வேண்டும் இதற்கு? பங்க்கில் கேட்ட உஸ் நினைவுக்கு வந்தது. காற்று போகும் வழி அடைத்திருந்தால், டேங்குக்குள் வெற்றிடம். பெட்ரோல் எப்படி மேலே வரும்?

இறங்கி ஓடினேன். மூடியைத் திருகினேன். உஸ்ஸ்ஸ்... நீளமாக, பெருமூச்சு மாதிரி. மூடியை லேசாக மட்டும் வைத்துவிட்டு வந்து சாவியைத் திருப்பினேன். ஸ்டார்ட்.

"மூடிய இறுக்க மறந்துட்ட."

"மறக்கல. பேசாம வாங்க."

விக்கவே இல்லை. ஆஸ்பத்திரி வாசல் வரை ஒரே இழுப்பு.

பெண் குழந்தை. இருவரும் நலம். துபாய்க்கு வீடியோ கால். அங்கே ஒரு மனிதர் அழுகிறார், இங்கே குழந்தை கொட்டாவி விடுகிறது.

சந்தோஷத்துக்கு நடுவிலும் ஒரே கேள்வி. வழியை அடைத்தது எது?

ஜூன் 17, செவ்வாய்

மேகம். தூறல் இல்லை.

சேகரிடம் நடந்ததைச் சொன்னேன். சிரிக்கவில்லை. "அப்ப வால்வு இல்லக்கா. கொழாயத்தான் பாக்கணும்." காரைத் தூக்கி நிறுத்தினார். நானும் கீழே குனிந்து போனேன், சேலையெல்லாம் கிரீஸ். கட்டைவிரல் பருமனில் ஒரு கறுப்புக் குழாய். அதன் வாயில் காய்ந்த செம்மண், பூசி மெழுகியது போல.

"குளவிக்கா!"

ஸ்குரூடிரைவரால் மெதுவாகத் தட்டி எடுத்தோம். மண் கட்டி பிளந்தது. உள்ளே பச்சைப் புழுக்கள் வரிசையாக. செத்தவை என்று நினைத்தேன். தொட்டதும் ஒன்று அசைந்தது. ஓரத்தில் வெள்ளையாகக் குளவியின் குஞ்சு. பிறக்கப்போகும் குஞ்சுக்குத் தாய்க் குளவி சாப்பாட்டைக் கொட்டி மயக்கி, உயிரோடு கட்டி வைத்திருக்கிறது.

"குளவி கூடு கட்டுனா வீட்டுல புள்ள பொறக்கும்பாங்க," என்றார் சேகர்.

"கூடு மொதல்லயா, மலர் மொதல்லயா?"

இப்போதுதான் சிரித்தார். குழாய் வாயில் கம்பி வலை கட்டினார். கருவியைச் செருகி அழித்தார். விளக்கு அணைந்தது. இந்தத் தடவை எதை அழித்தோம் என்று இருவருக்கும் தெரியும்.

ஜூன் 18, புதன்

மலரும் குழந்தையும் வீட்டுக்கு வந்தாயிற்று. வெந்நீர், பெருங்காயம், துணி அலசல். உட்கார நேரமில்லை.

பங்க்கில் டேங்க் ஒரே மூச்சில் குடித்தது.

மதியம் இவர் கடையிலிருந்து சீக்கிரம் வந்தார். தயங்கித் தயங்கி, "மூடியத் தொறந்ததும் எப்படி ஓடுச்சு? எனக்கு வெளங்கல," என்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என்னிடம் இப்படி எதையும் கேட்டதில்லை. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தேன். உதட்டை எடுக்காமல் உறிஞ்சச் சொன்னேன். பாட்டில் நசுங்கியது. தண்ணீர் வரவில்லை. கன்னம் ஒட்டும் வரை உறிஞ்சினார். மலருக்குச் சிரிப்பு தாங்கவில்லை, தையல் வலிக்கிறது என்கிறாள்.

பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். இப்போது அதில் ஓட்டை போட்டுப் பார்க்க ஊசி தேடிக்கொண்டிருக்கிறார்.