ஒரே வீட்டில் இரண்டு இருமல்

பனமரத்துப்பட்டி
20.11.1986

அன்பு மகள் வசந்தாமணியை, செங்கோட்டு மலையில் நிற்கும் அம்மையப்பன் காக்க வேண்டும் என்று கும்பிட்டு அம்மா எழுதுவது.

நேற்றுக் காலை நம் நடு வீட்டில் இருந்தவர்கள்: உன் அப்பா, உன் அண்ணன் சென்னிமலை, அண்ணி சௌந்திரம், அவள் மடியில் குழந்தை, நான், உங்கள் ஆராய்ச்சிக்காக வீடு வீடாக விசாரிக்க வரும் அங்காளம்மாள். வேறு யாரும் இல்லை. ஆகவே நான் எழுதினால்தான் உனக்குத் தெரியும். அவசரத்தில் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

சௌந்திரத்துக்கு டி.பி. சளிப் பரிசோதனையில் தெரிந்துவிட்டது.

அங்காளம்மாள் முதல் தடவை வந்தபோது வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டாள். அப்பா கட்டிலில் உட்கார்ந்தபடியே, "ஒருத்தருக்கும் ஒண்ணுமில்லீங்க, எல்லாம் கல்லாட்டம் இருக்கறாங்க" என்றார். நானும் தலையாட்டினேன். நம் வீட்டில் படுத்தால்தானே நோய்? ஆனால் அவள் போகவில்லை. சமையலறைக்கு வந்து எங்களோடு வெங்காயம் உரித்துக்கொண்டே வேறு மாதிரி விசாரித்தாள். இருமல் வந்தால் யாரிடம் சொல்வீர்கள், ஆஸ்பத்திரிக்குப் போக யாரைக் கேட்க வேண்டும், கடைசியில் சாப்பிடுவது யார் என்று. சௌந்திரம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். சித்திரையிலிருந்து இருமுகிறாளாம். ரத்தம்கூடப் பார்த்தாளாம். அன்றே அங்காளம்மாள் சளியை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினாள்; முடிவோடுதான் நேற்று வந்தாள்.

இருமல் என் காதில் விழாமல் இல்லை. ஆடியில் மாரியம்மன் நோம்பிக்கு மேச்சேரி போனாளே, பிறந்த வீட்டில் காட்டியிருப்பார்கள் என்று நான் இருந்துவிட்டேன். அவர்களோ, நம்மைக் கேட்காமல் ஊசி போட்டால் சம்பந்தி வீட்டுக்கு மரியாதைக் குறைச்சல் என்று சுக்குக் கஷாயம் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.

அதற்கு மேல் ஒன்று நேற்றுக் கேட்டேன். இந்த வீட்டில் முன்பு யாருக்காவது இது வந்திருக்கிறதா என்று அங்காளம்மாள் கேட்டாள். உன் அண்ணன் கொஞ்சமும் கூசாமல், "எனக்கு வந்துச்சுங்க. ஆந்திராவுல போர் போடற ரிக் வண்டியில இருந்தப்ப. சேலத்துல ஊசி போட்டு, மாத்திரை தின்னு, போன வருசமே நல்லாயிருச்சு" என்றான். நெஞ்சுச் சளி என்று சொன்னானே, அதுதானாம் இது! அப்பாவுக்கும் தெரியுமாம். பாலும் முட்டையும் கொடுத்த எனக்கும், பக்கத்திலேயே படுத்து நெஞ்சை நீவிவிட்ட சௌந்திரத்துக்கும்தான் தெரியாது.

மனைவியையும் கூட்டிவரும்படி டாக்டர் சொல்லவில்லையா என்று அங்காளம்மாள் கேட்டாள். "சொன்னாருங்க. இவதான் எந்திரிச்சு வேலை பாத்துக்கிட்டு நல்லாத்தான இருந்தா?" என்றான். சௌந்திரம் அவன் முகத்தையே பார்த்தாள். அந்தப் பார்வையை எழுத எனக்குத் தெரியவில்லை.

உடம்போடு பிறந்த வித்தியாசம் வேறு, வீடும் ஊரும் உண்டாக்கிய வித்தியாசம் வேறு, இரண்டாவதைப் பார்க்காமல் நோயைப் புரிந்துகொள்ள முடியாது என்று உன் படிப்பைப் பற்றி எழுதியிருந்தாய். எனக்கு எட்டாத சங்கதி என்று நினைத்தேன். பாதி உடம்பை அம்மனுக்குக் கொடுத்த சாமியை வருடம் தவறாமல் மலையேறிக் கும்பிடுகிற வீடு இது. என்னத்தைக் கும்பிட்டோமோ.

இப்போது அப்பா, அமாவாசை கழிந்ததும் அவளை மேச்சேரிக்கு அனுப்ப வேண்டும் என்கிறார். குழந்தை இங்கேயே இருக்குமாம். போனால் இவர்கள் அவளைத் திரும்பக் கூப்பிட மாட்டார்கள், கண்ணு. "இவனுக்கு வந்தப்ப இவனை எந்த ஊட்டுக்குங்க அனுப்புனீங்க?" என்று கேட்டே விட்டேன். அப்பா சிரித்தார். "மக மெட்ராசுல படிக்கிறா, நீ இங்க பரீச்சை எழுதறயாக்கும்" என்றார். உன் அண்ணன் குனிந்து கட்டில் கயிற்றைத் திருகிக்கொண்டிருந்தான்.

மருந்தை விடாமல் எடுத்தால் இங்கிருந்தே குணமாகும், குழந்தையையும் காட்டுங்கள் என்று அங்காளம்மாள் எவ்வளவோ சொன்னாள். பொம்பளை பேச்சு என்று அப்பா துண்டை உதறிவிட்டு எழுந்து போனார். சௌந்திரத்தின் துணிமணியைக் கட்டச் சொல்லியிருக்கிறார். நான் கட்டவில்லை. மருந்துச் செலவுக்கு வீட்டுக் கணக்கில் ஒதுக்கிவிட்டேன், அதைப் பற்றி யாரும் பேச வேண்டாம்.

உங்கள் ஆராய்ச்சியை நடத்தும் பெரிய டாக்டரை அழைத்துக்கொண்டு நீயே வந்தால் நல்லது. முடியாவிட்டால் அண்ணனுக்கு எழுது. உனக்குக் கொஞ்சம் பயப்படுவான். தன் நோய் எப்படித் தீர்ந்ததோ அப்படியே இவள் நோயும் தீரும் என்று அவன் வாயால் அப்பாவிடம் சொல்ல வேண்டும்.

நீயும் உன் உடம்பைப் பார்த்துக்கொள், சாமி. கேட்பதற்கு ஆள் இல்லாவிட்டாலும் எனக்குச் சொல்லு. நீ நீண்ட நாள் சுகமாக இருக்க வேண்டும்.

அமாவாசைக்கு முன்னால் பதில் போடு.

உன் அம்மா
முத்தாயம்மாள்